சின்னமலை காலத்துத் துப்பாக்கி என்று விலை பேசியாயிற்று. குழலில் இருக்கும் முத்திரை வேறு சொல்கிறது

கேள்வி: நொய்யல்கரை (காங்கயம் வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். பழைய துப்பாக்கிகளைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால், எங்கள் வீட்டில் எழுந்துள்ள ஒரு சிக்கலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் நான்கு தலைமுறையாக ஒரு கேப் துப்பாக்கி (தட்டினால் வெடிக்கும் சிறு செம்புக் குப்பியான கேப்பை வைத்துச் சுடும் வகை) இருக்கிறது. ஒற்றைக் குழல்; வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. என் அப்பாரு (அப்பாவின் தகப்பனார்) இருந்தவரை ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதை எடுத்து எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கலப்பைக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார். அப்போதெல்லாம் அவர் சொல்லும் கதை ஒன்றுதான்: ஓடாநிலையில் தீரன் சின்னமலையோடு நின்ற எங்கள் முன்னோர் ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி இது. நானும் என் தங்கையும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அப்பாரு இறந்ததும் துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்தோம். பங்காளிகளிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி, என் தந்தையின் பெயரில் உரிமம் கிடைத்தபின் திரும்பப் பெற்றோம். ஆகவே காகிதத்தில் குறை எதுவும் இல்லை.

இந்த ஆண்டு இரண்டு இடங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டும் தண்ணீர் வரவில்லை, கடன்தான் மிஞ்சியது. வேறு வழியில்லாமல் துப்பாக்கியை விற்பதென்று தந்தை முடிவு செய்தார். பெருந்துறைப் பக்கத்தில் எங்களுக்கு மாமன் முறையாகும் பெரியவர் ஒருவர் பழைய துப்பாக்கிகளில் ஈடுபாடு கொண்டவர். அவரிடமும் உரிமம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று ஓடாநிலைக்குத் தவறாமல் போய் வருபவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கதையைக் கேட்டு, துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதே வகைக் கேப் துப்பாக்கிக்கு மற்றவர்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு விலைக்குச் சம்மதித்து, வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம், கொடுப்பதற்கு முன் துடைத்து வைக்கலாம் என்று தந்தையும் நானும் உட்கார்ந்தோம். குழலின் அடிப்பக்கம், இடப்புறத்தில், எத்தனையோ ஆயுத பூசைகளின் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து கல்லாக இறுகிய பொருக்கு ஒன்று இருந்தது. தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியை இரண்டு நாள் சுற்றி வைத்து ஊறவிட்டதும் அது தானாகவே பெயர்ந்தது. அதன் கீழே சுண்டுவிரல் நகத்தளவில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்றில் மேலே கிரீடம், கீழே குறுக்காக இரண்டு செங்கோல்கள், அவற்றின் இடைவெளிகளில் பி (B), சி (C), பி (P) என்ற ஆங்கில எழுத்துகள். மற்றொன்று அதே வடிவில் வி என்ற எழுத்தோடு இருக்கிறது. தேடிப் பார்த்ததில் இவை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் குழல் சோதனைச் சாலையின் முத்திரைகள் என்றும், அந்தச் சாலை 1813இல்தான் ஏற்பட்டது என்றும் அறிந்தேன். சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805இல்.

தந்தையிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாம் எதையும் இட்டுக்கட்டவில்லை, அப்பாரு சொன்னதைச் சொன்னோம். மாமனும் கையில் வாங்கிப் பார்த்துத்தானே விலை பேசினார்?" என்றார். அவர் ஒருநாளும் பொய் பேசி நான் பார்த்ததில்லை. கடனும், இறந்துபோன தன் தகப்பனைப் பொய்யராக்கிவிடுவோமோ என்ற அச்சமும் அவரை அப்படிப் பேச வைக்கின்றன என்று நினைக்கிறேன்.

முத்திரையை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேனா, குழலை மட்டும் பிற்காலத்தில் மாற்றியிருக்க வழியுண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். நான் படித்தது சரியென்றால், இதை மாமனிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் வழி காட்டுங்கள்.

மறுமொழி: பேரூர் வாசகர் (கோவை)

முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: துப்பாக்கிக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்த்தீர்களா? வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளில் பழைய மருந்தும் ஈயமும் பல்லாண்டுகள் அப்படியே கிடப்பதுண்டு. நிப்பிளில் (கேப்பைப் பொருத்தும் சிறு முனையில்) கேப் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முகத்தையும் கையையும் குழல் வாய்க்கு நேரே வைக்காமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை அது முட்டும்வரை மெதுவாக உள்ளே விட்டு வாய் மட்டத்தில் அடையாளம் இடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரைக்கும் வர வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் நீங்களே தோண்டி எடுக்க முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

முத்திரையை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். 1813க்கு முன்பே பர்மிங்காம் கொல்லர்கள் சிலர் கிரீடமும் குறுக்குச் செங்கோல்களும் கொண்ட தனிப்பட்ட முத்திரைகளைக் குத்தியதுண்டு. ஆகவே வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகிவிடும். ஆனால் இடைவெளிகளில் பி, சி, பி எழுத்துகளோடு வருவது 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சோதனைச் சாலையின் முத்திரை. 1904 வரை அதே முத்திரை வழக்கில் இருந்தது.

அந்த முத்திரையே இல்லாவிட்டாலும், கேப் என்ற ஒன்று போதும். தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807இல். செம்புக் கேப் பரவலாக வழக்கிற்கு வந்தது 1820களில். சின்னமலையின் படையில் இருந்திருக்கக் கூடியவை திரித் துப்பாக்கிகளும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளும்தான். பின்னாளில் பல கல் துப்பாக்கிகளைக் கேப் துப்பாக்கிகளாக மாற்றினார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்த மாற்றம் தடயம் விட்டுச் செல்லும். பூட்டுத் தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் தகட்டில்) பற்றுமருந்துக் கிண்ணம் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு வெட்டு, கல் உரசும் இரும்பையும் அதன் வில்லையும் பிடித்திருந்த திருகுகளின் துளைகள், அவற்றை அடைத்த வேறு நிற இரும்பு ஆகியவை தெரியும். குழலின் பக்கவாட்டில் பழைய துளையை மரையிட்டு, ஓர் உருளையைத் திருகி, அதன் மேல் நிப்பிளைப் பொருத்தியிருப்பார்கள். உங்கள் பூட்டுத் தகடு அப்படி எந்த வடுவும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால், அது பிறக்கும்போதே கேப் துப்பாக்கியாகப் பிறந்தது.

குழலை மட்டும் மாற்றியிருக்கலாம் என்ற ஐயத்துக்கும் விடை அங்கேயே இருக்கிறது. பூட்டும் கேப் வகை, குழலும் 1813க்குப் பிந்தியது என்றால், பழைமை என்று சொல்ல மிஞ்சுவது மரக்கட்டை ஒன்றுதான். கட்டை குழலோடும் பூட்டோடும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தால் மூன்றும் ஒன்றாகவே பிறந்தவை எனலாம்.

இதே போன்ற கதைகள் வேறு துப்பாக்கிகளுக்கும் உண்டு. கும்பினிப் படைத் (கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்) துப்பாக்கி என்பார்கள். 1808 வரைக்கும் கும்பினியின் பூட்டுத் தகடுகளில் நான்காகப் பிரித்த இதய வடிவ அடையாளமும், அதன்பின் நின்ற சிங்கமும் இருக்க வேண்டும். திப்புவின் துப்பாக்கி என்பார்கள்; ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளின் நல்ல வேலைப்பாட்டில் புலிமுகமும் புலிவரியும் தெரியும். எதுவும் இல்லாத இரும்பை நீட்டி, கதையை மட்டும் வைத்து விலை கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழலை உப்புத்தாளால் தேய்த்து, பழைய முத்திரையை மழுங்கடித்து வந்தவர்களும் உண்டு. நீங்கள் எண்ணெயில் ஊறவைத்து எடுத்ததைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இனியும் புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் அதன் மேல் படக் கூடாது. பூட்டுத் திருகுகளையும் பொருந்தாத திருப்புளியால் திருகி, தலையைச் சிதைத்துவிடாதீர்கள்.

மறுமொழி: பர்கூர் மலையடிவாரம் (அந்தியூர்)

நான் ஏமாந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய ஒரு சேகரிப்பாளரிடம் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். விக்டோரியா அரசியின் கிரீடம், என்ஃபீல்டு என்ற பெயர், ஆண்டு எல்லாம் அதில் செதுக்கப்பட்டிருந்தன. 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சூலுப் போரில் ஆங்கிலேயர் கையில் இருந்த வகை என்பதால் எனக்கு அதன் மேல் தீராத ஆசை. உரிமத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு, ஒரு நாள் மாலை வெயிலில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான், என்ஃபீல்டு என்ற சொல்லில் உள்ள ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறியிருப்பதைக் கண்டேன். கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், ஆங்கிலம் அறியாத கொல்லர்கள் அசலைப் பார்த்துக் கையால் செய்த நகல்களில் இப்படித்தான் எழுத்து புரளும், எழுத்துப் பிழை வரும், கிரீடம் கோணும். அவையும் ஒருவகையில் வியக்கத்தக்க கைவேலைதான்; நகல் என்று சொல்லி விற்றிருந்தால் நகலின் விலை கொடுத்து மகிழ்ச்சியாகவே வாங்கியிருப்பேன். விற்றவருக்கு அது நகல் என்று தெரியும். நான் கேட்டபோது, "நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார்.

பணம் போனது சில மாத வருத்தம். ஆனால் அவரிடம் அதற்கு முன் வாங்கியிருந்த மற்றொரு துப்பாக்கியை இன்றுவரை என்னால் மனம் ஒப்பி ஒருவருக்கும் காட்ட முடியவில்லை. அதற்கும் அவர் ஏதோ ஒரு கதை சொல்லியிருந்தார். அறிமுகம் செய்த நண்பரோடும் பேச்சு குறைந்துபோயிற்று. நம் பக்கத்தில் இந்தப் பொருளைச் சேர்ப்பவர்கள் எத்தனை பேர் இருப்போம்? ஒருவர் மேல் ஐயம் விழுந்தால் அவர் கைபட்ட துப்பாக்கி எல்லாவற்றின் மேலும் அது விழுகிறது.

உங்கள் தந்தையைக் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் வரை அவர் சொன்னது, தன் தகப்பன் வாயிலிருந்து கேட்டு அவர் முழுமனதாக நம்பியது. முத்திரையைப் பார்த்த பிறகும் அதே சொல்லோடு பணத்தை வாங்கினால், அந்தச் சொல்லுக்கு இனி அப்பாரு பொறுப்பல்ல, அவரே பொறுப்பு. தகப்பனைப் பொய்யராக்கக் கூடாது என்று நினைப்பவர், தான் அறிந்து சொல்லும் பொய்யை அவர் பெயரில் ஏற்றலாமா? மாமன் கையில் வாங்கிப் பார்த்தார் என்பதும் நிற்காது. அவர் பார்த்தபோது முத்திரை சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

தொலைபேசியில் சொல்லாதீர்கள். நேரில், துப்பாக்கியை முன்னால் வைத்து, உருப்பெருக்கியையும் அவர் கையில் கொடுத்து, முத்திரையை அவரே பார்க்கும்படி செய்யுங்கள். முன்பணத்தைக் கையோடு வைத்திருங்கள். முதல் வார்த்தை உங்கள் தந்தையின் வாயிலிருந்து வர வேண்டும்; மகன் கண்டுபிடித்துத் தகப்பனை இழுத்து வந்தது போல ஆகிவிடக் கூடாது.

மறுமொழி: தாராபுரத்து வழக்குரைஞர்

மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. சட்டத்தின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17இல், ஒரு செய்தியை அறிந்திருந்தும் அதை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. வெறுமனே பேசாமல் இருப்பது எல்லா நேரத்திலும் மோசடி ஆகாது. ஆனால் அந்த முத்திரையின் மேல் மீண்டும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அடுத்த வாரம் மாமன் கையில் கொடுத்தால் அது முனைந்து மறைத்தலே. இனி, அறியாமல் சொன்ன தவறான செய்திக்குக்கூடப் பிரிவு 18 இருக்கிறது. அதை நம்பி ஒப்புக்கொண்டவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மையைக் கண்டிருக்க முடியும் என்றால் விற்றவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. பல ஆண்டுப் பொருக்குக்கு அடியில் இருந்ததைச் சாதாரணக் கவனத்தில் கண்டிருக்கலாம் என்று வாதிட எனக்கு மனம் வராது.

இன்னொரு வகை நேர்மையும் இதில் இருக்கிறது. "இது பழசு, வெறும் காட்சிப் பொருள், உரிமம் எதற்கு" என்று சொல்லிக் கைமாற்றும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 45இல் விலக்களிப்பது, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத பழங்கால ஆயுதத்துக்கு மட்டுமே. பழுதுபார்த்தால் வெடிக்கும் என்றால், அதன் வயது எதுவானாலும் அது துப்பாக்கிதான். உங்களுடையது உரிமத்தில் இருப்பதால், உரிமம் உள்ள தனியாருக்கு விற்பதற்கு முன், மாவட்ட நடுவராக உள்ள ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அலுவலருக்கோ வாங்குபவரின் பெயர் முகவரியோடு எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வருவதற்கும் அதே வரம்பு. மாமனிடம் ஏற்கெனவே எத்தனை உள்ளன என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கியபின் உரிமம் கிடைக்கவில்லை என்றால், அது வேறொரு மனக்கசப்பாக முடியும்.

மறுமொழி: அமராவதிக்கரை (கரூர்)

எல்லோரும் இரும்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். கதையை அப்படியே தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1801ஆம் ஆண்டுப் போருக்குப் பின், தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினி ஆணையிட்டது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஒருவரின் துப்பாக்கி வீட்டில் தங்கியிருப்பது அரிது. ஆனால் ஆயுதம் போனாலும் நினைவு வீட்டில் தங்கும்; பின்னாளில் அந்த வீட்டுக்கு வேறொரு துப்பாக்கி வந்தபோது பழைய நினைவு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். இது என் ஊகமே, சான்று இல்லை. இருந்தாலும், அப்பாரு சொன்ன கதையை "குடும்பத்தில் வழங்கும் செய்தி" என்ற பெயரிலேயே எழுதி வையுங்கள். முத்திரை சொல்வதைத் தனியாக எழுதுங்கள். ஒன்று மற்றொன்றாக மாறிவிடாமல் இருந்தால் போதும். வீட்டில் பழைய உரிமத் தாள்கள் இருக்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள். அவை கிடைத்தால் துப்பாக்கியின் உண்மையான வரலாறு அங்கேதான் தொடங்கும்.

மீண்டும் நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. குச்சியை விட்டுப் பார்த்தோம். குழல் காலியாகவே இருக்கிறது. பூட்டுத் தகட்டில் அடைத்த துளையோ வெட்டோ எதுவும் இல்லை.

அந்தியூர்க்காரர் எழுதியதைத் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் அவரே மாமனை அழைத்து, வீட்டுக்கு வந்து போகும்படி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்ததும், திண்ணையில் பாயை விரித்துத் துப்பாக்கியை வைத்து, முன்பணத்தைப் பக்கத்தில் வைத்து, "நான் உங்களிடம் சொன்னது சரியில்லை மாமா, பாருங்கள்" என்று தொடங்கினார். மாமன் உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் முத்திரையைப் பார்த்தார். எழுத்துகளை விரலால் தடவினார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. இரண்டு வாரமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம்.

பிறகு கரூர்க்காரர் சொன்ன தாள்களைத் தேட மாமனும் எங்களோடு உட்கார்ந்தார். அப்பாருவின் தகரப் பெட்டியில், நிலப்பத்திரங்களுக்கு அடியில், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட உரிமத் தாள் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. கோவை மாவட்ட ஆட்சியர் அலுவலக முத்திரை அரைகுறையாகத் தெரிகிறது. அப்பாருவின் தகப்பனார் பெயர் இருக்கிறது. பயிர்க்காவலுக்கு என்று குறித்திருக்கிறார்கள். மடிப்பில் ஆண்டின் கடைசி எண் கிழிந்துவிட்டது. 193 வரை மட்டும் படிக்க முடிகிறது. துப்பாக்கி எங்கள் வீட்டில் இருந்ததற்கு எழுத்தில் உள்ள முதல் சான்று அதுவே.

மாமன் முன்பணத்தை இன்னும் திரும்பப் பெறவில்லை. விலையை அவர் புதிதாகத்தான் பேசுவார். முன்பு சொன்னதில் பாதிகூட வராது என்று தந்தைக்குத் தெரியும். அவரிடம் ஒரு துப்பாக்கிதான் இருக்கிறது என்பதால் வரம்பில் இடமுண்டு. ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாளை எழுதுகிறோம். துப்பாக்கியோடு கொடுக்க வேண்டிய குறிப்பைத் தந்தை தன் கைப்பட எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் முத்திரையைப் படமாக வரைந்திருக்கிறார். அப்பாருவின் கதையை இரண்டாம் பக்கத்தில், அப்பாரு சொன்னபடியே எழுதப் போவதாகச் சொன்னார். கிழிந்த உரிமத் தாளை மேலும் சிதையாமல் எப்படிப் பாதுகாப்பது என்று யாராவது அறிந்திருந்தால் சொல்லுங்கள். மடிப்பு வழியே இன்னும் ஓரிடத்தில் விரிசல் விட்டிருக்கிறது.